தாய் மாறிய குட்டிகள்

என் அக்காவை ஓர் எலியோடு ஒப்பிட்டு அவள் புருஷன் பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். காதில் விழுந்ததை மனம் வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. எண்பதுகளின் தொடக்கம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், மேலகரம் பக்கம் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை அறுத்துக் காட்டுவது, அதைப் பார்த்து மாணவிகள் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பது, இதற்குத்தான் எனக்குச் சம்பளம். மீதி நேரத்தில் துறைத்தலைவர் சாரிடம் எம்.ஃபில். ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தேன்.

ஆராய்ச்சி வெள்ளை எலிகளை வைத்து. வீட்டில் எலி என்றால் நாற்காலி மேல் ஏறுகிற நான், அங்கே அவற்றின் வாலைப் பிடித்துத் தூக்கி எடை பார்ப்பேன். எங்கள் கூட்டத்தில் ஒரு தாய் எலி இருந்தது. அது போடுகிற குட்டிகள் ஒரு தினுசாக இருந்தன. மற்ற குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூட்டையாகக் கிடக்கும். இவை உமியில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். வளர்ந்த பிறகும் அப்படித்தான். ஓரமாக உட்கார்ந்து தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு எலியை விட்டால் முகர்ந்துகூடப் பார்க்காது. அந்தத் தாயும் குட்டிகளை அதிகம் நக்கிக்கொடுக்காது, மேலே படுத்துக் கதகதப்பு கொடுக்காது. சாருக்கு அதைக் கண்டதில் ஒரே குதூகலம். இரண்டு ஈற்றிலும் இதே கதைதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் குதூகலத்துக்குக் காரணம் உண்டு. மனிதக் குழந்தைகளிலும் இப்படிச் சிலர் உண்டு, அதற்கு ஆட்டிசம் என்று பெயர், தாயின் மனம் பிள்ளையிடம் ஒட்டாததால் வருவது என்று அவர் படித்த புத்தகங்கள் சொல்லின. எந்தப் புண்ணியவான் முதலில் அதை எழுதினானோ, அவன் கையை உடைத்துப் போட்டிருக்க வேண்டும். அதை எலியில் காட்டிவிட்டால் தன் பெயர் நாலு இடத்தில் பேசப்படும் என்று சார் நம்பினார். ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதும் வேகத்தில் இருந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு எடை பார்த்தேன்.

என்னால் அவரைப்போல அந்தச் சொல்லைச் சாதாரணமாக உச்சரிக்க முடியவில்லை. அக்கா மகனுக்கு அப்போது நாலு வயது. பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது மந்தம் என்று பார்த்தால், மூன்று தெரு தள்ளி ஐஸ் வண்டிக்காரன் மணியடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். பவுடர் டப்பா மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது ஆடி அடங்கும்வரை கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்துக் கிடப்பான். தூக்கினால் விறகுக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்வான். மதுரையில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பிள்ளையைப் பார்த்ததைவிட அக்காவைத்தான் அதிகம் பார்த்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் ஒரு வார்த்தை இரண்டு வார்த்தையில் பதில் சொன்னாள். அவள் சுபாவம் அது, சிரிப்பதற்குக்கூட யோசிப்பாள். அம்மா மனசு ஒட்டாத பிள்ளை இப்படித்தான் தனக்குள்ளே போயிரும் என்று டாக்டர் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்.

அத்தான் போலீஸ்காரர். தென்காசியில் சப் இன்ஸ்பெக்டர். சொந்த ஊர் கடையம், விவசாயக் குடும்பம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதற்கும் ஒரு குற்றவாளி வேண்டும் அவருக்கு. என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று எங்கேயோ கேள்விப்பட்டு, ஒரு சாரல் நாளில் நனைந்த தொப்பியைக் கையில் பிடித்தபடி ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். போலீஸ் அதிகாரி தன் ஆராய்ச்சியைத் தேடி வந்ததில் சாருக்குத் தலைகால் புரியவில்லை. கூண்டை மேசைமேல் எடுத்து வைத்தார்.

“இப்போ பாருங்க சார். குட்டிகளைக் கூட்டிலேருந்து எடுத்து அங்கங்கே போடறேன். நல்ல தாயா இருந்தா ஒவ்வொண்ணா வாயில கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இது என்ன பண்ணுதுன்னு பாருங்க.”

அந்த எலி கூட்டைவிட்டு வந்தது. ஒரு குட்டியை முகர்ந்தது. தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தது. பிறகு மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது. குட்டிகள் ரோஜா நிறத்தில் உமிமேல் சும்மா கிடந்தன.

“கோல்ட் மதர். பாசமில்லாத தாய்,” என்றார் சார். “தாயைச் சரி பண்ணணும், இல்லேன்னா தாயை மாத்தணும்.”

அத்தான் கூண்டுக்கு மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, “இது அவதான்,” என்றார். “அச்சு அசல் எம் பொண்டாட்டியேதான்.”

“அத்தான், என்ன பேசுதிய? அது எலி!” என்று கத்தினேன். சார் என்னை முறைத்தார். அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணால் பார்த்த சாட்சி கிடைத்துவிட்ட ஆள், வேறு எதைக் கேட்பார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பையனைக் கடையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அத்தானின் அக்கா இருந்தாள். எனக்கு மதினி முறை. நாலு பெற்றவள், அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவள் இடுப்பில் வளர்ந்தவை என்று சொல்லுவார்கள். அவளிடம் வளர்ந்தால் பிள்ளை சரியாகிவிடும், கொஞ்ச காலத்துக்குப் பெற்றவள் கண்ணில் படக் கூடாது என்று ஏற்பாடு. அக்காவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவளும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அதையும் எங்கள் அம்மா தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். “கல்லு மாதிரி இருக்காளே” என்று எனக்குக் கேட்கும்படி அடுப்பங்கரையில் முனகினாள். பெற்ற தாயே அப்படிச் சொன்னதில் நான் அதிர்ந்துபோனேன். பையன் அங்கே சரியாகிவிட்டால் பிறகு அவனைத் திருப்பித் தரப் போவதில்லை என்பதும், அத்தானுக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சு எழும் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

புரட்டாசியில் அந்த எலி மூன்றாம் முறை ஈன்றது. அதே நேரத்தில் இன்னொரு தாயும் ஈன்றது; அது எங்கள் கூட்டத்திலேயே சிறந்த தாய் என்று சார் பெயர் கொடுத்திருந்த எலி. எந்தக் குட்டி யாருடையது என்று தெரிய, முதல் தாயின் குட்டிகளுக்கெல்லாம் வாலில், புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்து தடவி வைத்தேன். மற்றதன் குட்டிகளுக்கு ஒன்றும் தடவவில்லை. அப்புறம் ஆயுத பூஜை வந்தது, கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள்.

எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டரை அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பக்திமான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப், தராசு, கண்ணாடிக் குடுவை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து அடுக்கி, பொரிகடலை படைப்பார். விடுமுறை முடிந்து நான் கதவைத் திறந்தபோது சந்தன வாசனை மூக்கைத் துளைத்தது. எலிக் கூண்டுகள் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். உள்ளே எட்டிப் பார்த்தால் எலிகளின் முதுகிலும் மஞ்சளாகச் சந்தனத் தீற்றல். கூண்டுகளின் மேல் சாக்கட்டியால் நான் எழுதியிருந்த எண்களைக் காணோம்.

“அண்ணாச்சி, இதெல்லாம் என்ன?”

“கூண்டு ஒரே வீச்சமால்லா கெடந்துச்சு மிஸ்சு. சோடா போட்டுக் களுவி, புது உமி போட்டேன். அதுகளுக்கும் ரெண்டு சொட்டு சந்தனத்தைக் கரைச்சுத் தெளிச்சு விட்டேன்.”

“எலிக்கு எதுக்கு அண்ணாச்சி பூஜை?”

“டிரைவரு வண்டிக்கு வைக்கான். உங்களுக்கு ஆயுதம் இதுதான? விட்டா சாமிக்குத்தமாயிராதா?”

சிரிப்புத்தான் வந்தது. அப்போதுதான் கூண்டுக்குள் பார்வை போனது. எண் அழிந்தாலும், காதில் நான் வெட்டி வைத்திருந்த அடையாளத்தால் தாய்களைத் தெரியும். சிறந்த தாயின் வயிற்றுக்கடியில் கிடந்த குட்டிகளின் வால்களெல்லாம் ஊதா. ஒன்று பாக்கியில்லை. கழுவுகிறபோது குட்டிகளை இரண்டு தட்டில் எடுத்து வைத்திருக்கிறார் மனுஷன். திருப்பி வைக்கும்போது தட்டு மாறிப்போயிற்று. சந்தன வாசனையில் தாய்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எடுத்துக்கொண்டுவிட்டன. இத்தனை மாத வேலையும் பொரிகடலையோடு போயிற்று என்று அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

சரி, கெட்டது கெட்டது, பார்த்தாவது வைப்போமே என்று மூன்று நாள் விட்டு அதே சோதனையைச் செய்தேன். முதலில் ‘கோல்ட் மதர்’. இப்போது அதனிடம் இருப்பவை வாலில் ஊதா இல்லாத, அடுத்தவளின் குட்டிகள். அவற்றை எடுத்து உமிமேல் பரப்பினேன். பரப்பின உடனே அவை நெளிந்தன, வாயைத் திறந்தன, தலையைத் தூக்கி ஆட்டின. எலிக்குட்டி தாயைக் கூப்பிடும் குரல் நம் காதுக்கு எட்டாது என்று படித்திருக்கிறேன்; ஆனால் கூப்பிடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. நான் கையை எடுப்பதற்குள் அந்தத் தாய் பாய்ந்து வந்தது. ஒன்றைக் கவ்வியது, கூட்டில் போட்டது, திரும்ப ஓடி வந்தது. குறுக்கே இருந்த என் விரலைக் கடித்துத் தள்ளியது. கடைசிக் குட்டியையும் கொண்டுசேர்த்து, மேலே கவிழ்ந்து படுத்து நக்க ஆரம்பித்தது. விரலில் ரத்தம் வருவதுகூடத் தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அடுத்து, சிறந்த தாய். ஊதா வால் குட்டிகளைப் பரப்பினேன். அவை நெளியவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தன. தாய் வந்தது. ஒன்றைக் கொண்டுபோனது. இன்னொன்றை முகர்ந்து பார்த்து, சற்று நின்றது. பிறகு தண்ணீர்ப் புட்டியை நோக்கிப் போனது. மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

தாய் குட்டியைக் கெடுக்கவில்லை. கூப்பிடாத குட்டிதான் தாயைச் சும்மா உட்கார வைத்திருக்கிறது. எந்தத் தாயையும். சிறந்த தாய் என்று பட்டம் வாங்கினதையும்.

சாரை இழுத்துக்கொண்டு வந்து மறுபடி செய்து காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் சொன்னது இதுதான்: “எக்ஸ்பெரிமெண்ட் கெட்டுப்போச்சு. இதையெல்லாம் கணக்குல எடுத்துக்க முடியாது. எல்லாத்துக்கும் குளோரோஃபார்ம் குடுத்து முடிச்சிடு. புதுசா ஆரம்பிப்போம்.”

“கண் முன்னால நடக்குதே சார்!”

“என்ன நடக்குது? ஒரு அட்டெண்டர் சந்தனம் தெளிச்சது நடக்குது. அதைக் கட்டுரையில எழுதச் சொல்றியா?”

ஒரு படித்த மனுஷன் கண்ணை இறுக்க மூடிக்கொள்வதை அவ்வளவு கிட்டத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. எலியிலிருந்து பிள்ளைக்குத் தாவக் கூடாது என்று எனக்கும் தெரியும். எலி எலிதான், பிள்ளை பிள்ளைதான். ஆனால் போலீஸ்காரர் முன்னால் அன்றைக்குத் தாவினது யார்? வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிட்டேன். குளோரோஃபார்ம் சீசாவை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எம்.ஃபில். அத்தோடு முறிந்தது. இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில், மீன் செவுளைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன். அதில் யாருக்கும் மனவருத்தமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் கடையம் போனேன். அத்தான் விடுப்பில் அங்கே இருப்பார் என்று தெரியும். வழியெல்லாம் எப்படிச் சொல்லுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வீட்டு முன்னறையில் மதினி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றித் தெருப் பிள்ளைகள் கும்மாளம் போட்டன. பையனைக் காணோம். என்னைக் கண்டதும் அவள் முகம் செத்துப்போனது.

“எங்க மதினி அவன்?”

அவள் புறவாசலைக் காட்டினாள். மாட்டுத்தொழுவை ஒட்டித் துவைக்கிற கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தான். தலையில் எண்ணெய் கண்டு எவ்வளவு நாளோ. மார்பில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. கையில் ஒரு மூடி. ஈ மொய்ப்பதைத் தட்டவும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் இடுப்பில் சுமந்த பொம்பளை வீட்டில், இப்படி ஒரு பிள்ளை. திரும்பி அவளைப் பிடிபிடியென்று பிடிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“என்னைத் திட்டாத தாயி. மொத ஒரு மாசம் மடியை விட்டு எறக்கல. தூக்கினா கட்டையா நிக்கான். கொஞ்சினா செவத்தைப் பாக்கான். பசிச்சாக்கூட அழ மாட்டேங்கான். பிள்ளை அளுதாத்தான நமக்கு ஓடத் தோணும்? வரவர எங்கையி தானா விட்டுருது. அவன் வீட்டுல இருக்கான்ங்கதே சில நேரம் மறந்துபோவுது. நாலு பெத்த எனக்கே இப்படின்னா, அவ இத்தன வருசம் எப்படித் தாயி சமாளிச்சா?”

அத்தான் பனியனோடு நடைவாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒத்திகை பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. எலி மாறின கதையை முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன்.

“அப்ப, அன்னைக்கு நான் பாத்த எலி?” என்றார்.

“அது நல்ல தாய்தான் அத்தான். கூப்பிடுத பிள்ளையக் குடுத்தா என் கையைக் கடிச்சிட்டுக் கொண்டுபோவுது.” கட்டுப்போட்ட விரலைக் காட்டினேன்.

அவர் அந்த விரலையே பார்த்தார். பிறகு தொழுவைப் பார்த்தார். பிறகு தன் அக்காவை. “தப்பான ஆளை உள்ள வச்சிட்டேன்,” என்றார் கரகரத்த குரலில். அவராகவே போய்ப் பையனைத் தூக்கினார். அவன் விறைத்தான். விறைத்தவனை அப்படியே தோளில் சாத்திக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா ஓடிவரவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. உள்ளே போய்த் துணி நனைத்துக்கொண்டு வந்து அவன் மார்பைத் துடைத்தாள். ஒரு தட்டில் வெறும் சோறும், அதில் படாமல் ஒரு ஓரத்தில் பருப்பும் வைத்து, அவன் பக்கத்தில் தள்ளிவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் பார்க்காமல் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு அவன் சாப்பிட ஆரம்பித்தான். இத்தனை நாளும் இதையா நாங்கள் ஒட்டாத மனசு என்று சொன்னோம்? அத்தான் வாசலோடு நின்று பார்த்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் போனார். அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவே இல்லை.

எனக்கு ஒரே பரவசம். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தனம், ஊதா வால், கடித்த விரல், மதினி அழுதது. அவள் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

“அப்ப, எம்மேல தப்பு இல்லன்னு சொல்லுதியா?”

“இல்லவே இல்லக்கா. துளிகூட இல்ல.”

“நான் எப்படி இருந்திருந்தாலும் இவன் இப்படித்தான் இருந்திருப்பான்.”

“ஆமாக்கா!”

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் அல்ல, வாய்விட்டு, உடம்பு குலுங்க. நான் திகைத்துப்போய் அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள்.

“ஏட்டி, தப்பு எம்மேலன்னா, நான் திருந்துனா இவன் சரியாயிருவாம்லா. திருப்பித் தரட்டும், இப்படிப் பாத்துக்கிடுவேன், அப்படிப் பாத்துக்கிடுவேன்னு அதை நெனச்சுத்தான இத்தன நாளும் சோறு தின்னேன். இப்ப நான் எதைட்டி திருத்த?”